மலைப்பாதையில் ஓடும் கார்: அறிகுறியிலிருந்து கையேட்டின் பக்கத்துக்கு

நுவரெலியா, அட்டன், பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கங்களில் நாம் ஓட்டும் கார்களில் பல ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பிறகு இங்கே வந்தவை. அவற்றின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் ஜப்பானிய மொழியில் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். அது சாரதிக்கான கைநூல்; எந்தப் பொத்தான் எதற்கு, எந்த விளக்கு எரிந்தால் என்ன என்பதோடு அது நின்றுவிடும். பழுதுபார்ப்புக் கையேடு என்பது வேறு. உற்பத்தியாளர் தன் கராஜ்களுக்காக அச்சிட்ட அந்த நூலில் ஒவ்வொரு பாகத்தையும் எப்படிச் சோதிப்பது, எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது, எந்த நட்டை எவ்வளவு விசையில் இறுக்குவது என்பதெல்லாம் அளவுகளோடு இருக்கும். பல நூறு பக்கங்கள் கொண்ட அந்த நூலை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க முயல்கிறவர் சில நாட்களிலேயே அதை மூடி வைத்துவிடுவார். அறிகுறியிலிருந்து உள்ளே நுழைவதே அதைப் படிக்கும் முறை.

கையேட்டைத் தேடுவதற்கு முன் பொனட்டைத் திறந்து, உள்ளே பொருத்தப்பட்டிருக்கும் தகட்டைப் பாருங்கள். மாதிரிக் குறியீடு, என்ஜின் குறியீடு, கியர்பெட்டிக் குறியீடு ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். நாம் '121' என்றும் 'எஃப்.பி. 15' என்றும் கார்களை அழைப்பது இந்தக் குறியீட்டின் ஒரு துண்டைத்தான். ஒரே பெயரில் விற்கப்பட்ட கார் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு என்ஜினோடும் பிரேக்கோடும் வந்திருக்கக்கூடும் என்பதால், பெயரை மட்டும் பார்த்து எடுத்த கையேட்டில் உள்ள அளவுகளை நம்பி வேலையில் இறங்கக்கூடாது.

அடுத்தது, அறிகுறியை ஒரு முழு வாக்கியமாகத் தாளில் எழுதுவது. என் உறவினர் ஒருவர் தொலைபேசியில், "தம்பி, கார் இழுக்க மாட்டேங்குது" என்றார். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு கையேட்டின் எந்த அத்தியாயத்தையும் திறக்க முடியாது. ஏற்றத்தில் மட்டுமா, சமதரையிலுமா? என்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்னரா? என்ஜினின் சத்தம் உயர்ந்தும் வேகம் கூடவில்லையா, அல்லது சத்தமே உயரவில்லையா? இவற்றுக்கு விடை சேர்த்து, "சூடேறிய பின், ஏற்றத்தில், மூன்றாவது கியரில் என்ஜின் உறுமுகிறது, ஆனால் வேகம் கூடவில்லை" என்று எழுதினால், அந்த வாக்கியமே கிளட்ச் அத்தியாயத்தைக் காட்டிவிடும். கராஜுக்குப் போனாலும் இந்த வாக்கியம் எழுதிய தாளைக் கொடுங்கள்; நல்ல மெக்கானிக் எவரும் அதை வரவேற்பார்.

பெரும்பாலான கையேடுகளில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் அறிகுறி அட்டவணை ஒன்று இருக்கும். இடது பக்கத்தில் அறிகுறி, வலது பக்கத்தில் சந்தேகத்துக்குரிய பாகங்கள். பாகங்கள் வரிசைப்படி இலக்கமிடப்பட்டிருந்தால், அந்த இலக்கம் காரணமாக இருக்கக்கூடிய வாய்ப்பின் வரிசை. முதலாவதைச் சோதித்துக் குறையில்லை என்று உறுதி செய்த பிறகே இரண்டாவதுக்குப் போக வேண்டும். இந்த வரிசையைத் தாண்டி நேராகக் கடைக்குப் போய்ப் பாகம் வாங்குவதால்தான் பணம் வீணாகிறது. படங்களில் சில பாகங்களின் அருகே சிறிய கறுப்புச் சாய்சதுரம் இருக்கும். டொயோட்டா கையேடுகளில் அதன் பொருள், கழற்றினால் திரும்பப் பூட்டக்கூடாது, புதியதே போட வேண்டும் என்பது.

பராமரிப்பு அட்டவணையில் 'சாதாரணப் பயன்பாடு', 'கடினமான பயன்பாடு' என்று இரண்டு பட்டியல்கள் இருந்தால் இரண்டாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதை, தூசு நிறைந்த தோட்டப் பாதை, குறைந்த தூரப் பயணம் ஆகியவை பொதுவாக அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கும். மலையகத்தில் ஓடும் காருக்குச் சாதாரணப் பயன்பாடு என்று ஒன்று கிடையாது.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை, அல்லது பெடல் வழமைபோல் இல்லை

மற்ற அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு நாளை வரை பொறுக்கலாம். இதற்குப் பொறுக்க முடியாது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் உயரத்தில் 1,300 மீற்றருக்கு மேல் குறைகிறது. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது ஏறத்தாழ 15 மெகா யூல் ஆற்றல் வெளியாக வேண்டும். அறை வெப்பநிலையில் உள்ள 45 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்தளவு வெப்பம் போதும். காற்றின் தடையும் என்ஜினும் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதெல்லாம் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளுக்கு வருகிறது. கியரைக் குறைக்காமல் பெடலை மிதித்தபடியே இறங்குகிறவர் அந்த முழு வெப்பத்தையும் பிரேக்கின் மேல் போடுகிறார். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் இறங்குவதும், என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவதும் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. கியரில் இருக்கும் நவீன என்ஜின், சாரதி அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இறக்கத்தில் பெரும்பாலும் எரிபொருள் தெளிப்பதையே நிறுத்திவிடும். ஆகவே நியூட்ரலில் மிச்சமாவது எதுவுமில்லை. என்ஜினை அணைத்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட பூஸ்டர் ஓரிரு மிதிப்புகளுக்குப் பின் கைவிடும். பவர் ஸ்டியரிங்கும் கூடவே போய்விடும்.

பெடல் எப்படி மாறியது என்பதைக் கவனித்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

பெடல் கடினமாகவே இருக்கிறது, கருகிய வாசனை வருகிறது, ஆனால் கார் நிற்க மறுக்கிறது என்றால் டிஸ்க்கை அழுத்தும் பேடும் டிரம்மை அழுத்தும் லைனரும் அளவுக்கு மீறிச் சூடேறி உராய்வை இழந்துவிட்டன. பெடல் பஞ்சுபோல் அமுங்கி அடிவரை போகிறது, இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் சற்று மேலே வருகிறது என்றால் பிரேக் ஒயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகியிருக்கின்றன, அல்லது குழாய்க்குள் காற்று இருக்கிறது. இறக்கத்தின் முடிவில் மட்டும் இப்படி ஆகி, குளிர்ந்ததும் பெடல் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது கொதித்த ஒயில். குளிரிலும் பஞ்சுபோலவே இருந்தால் காற்று. கார் நின்றிருக்கும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்க, அது மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்தால் பெடலின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர்களைச் சந்தேகிக்க வேண்டும், அல்லது எங்கோ வெளியே கசிகிறது. மிதிக்கும்போது பெடல் காலடியில் துடித்தால், சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் சீராக இல்லை. பல கார்களுக்கு டிஸ்க்கின் தள்ளாட்டம் 0.05 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது என்பதால் அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். ஒரு பக்கமாக இழுத்தால், பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கலிப்பர் ஒன்று இறுகியிருக்கலாம். ஓட்டி முடித்தவுடன், தொடாமல், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மற்றவற்றைவிட அதிக அனல் வீசும் சக்கரம் எது என்பது உடனே தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் தளர்ந்தால் செய்ய வேண்டியவை: கியரைப் படிப்படியாகக் குறையுங்கள், தானியங்கிக் காரில் 'எல்' அல்லது 'எஸ்', ஹைபிரிட்டில் 'பி' (B) நிலைக்கு மாற்றுங்கள், மலைச்சுவர் இருக்கும் பக்கமாக, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்திய பின் டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான இரும்பு வெடிக்கவோ வளையவோ செய்யும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல், மனுவல் காரானால் கியரில் விட்டு, தானியங்கியானால் 'பி' (P) என்ற நிறுத்த நிலையில் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். லொறிகள் வீதியின் நடுவே விட்டுப்போகும் கற்களால், பனிமூட்டத்தில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் விழுந்து அடிபடுகிறார். இது சிறிய விஷயமே அல்ல.

வீட்டுக்கு வந்ததும் கையேட்டின் பிரேக் அத்தியாயத்தைத் திறந்துகொண்டு மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் உயர்ந்த மட்டம், குறைந்த மட்டம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். புதிய ஒயில் வெளிர் மஞ்சள் நிறத்தில், அடிவரை தெரியும்படி இருக்கும். பழையது தேயிலைச் சாயம்போல் இருண்டிருக்கும். மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடக்கூடாது. பேட் தேயத் தேயக் கலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்ந்து, கிண்ணத்திலிருந்து ஒயிலை எடுத்துக்கொள்ளும். ஆகவே மட்டம் குறைவது பேட் தேய்ந்ததற்கான முதல் செய்தியாக இருக்கலாம். கொண்டை ஊசி வளைவில் இறங்கித் திரும்பும்போது மட்டும் சிவப்புப் பிரேக் விளக்கு ஒரு கணம் மின்னி மறைவதும் இதே செய்திதான். ஒயில் ஒரு பக்கம் சரிய, மிதவை தாழ்கிறது. முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பேடின் தடிப்பை அளந்து பாருங்கள். பல கையேடுகள் 1 மில்லிமீற்றரைக் கடைசி எல்லையாகக் கொடுக்கின்றன. அது ஆய்வில் கண்டால் அன்றே மாற்ற வேண்டிய எல்லை. மலைப்பாதையில் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம், மெல்லிய பேட் வெப்பத்தை விரைவாக ஒயிலுக்குக் கடத்திவிடும் என்பதால். பேடில் குறையில்லாமலும் மட்டம் குறைந்திருந்தால் கசிவைத் தேடுங்கள்: ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறம், பின் டிரம்மின் அடிப்பகுதி, பெடலுக்கு மேலே உள்ள தண்டு.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம். டொட் 3 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது என்பது தரநிலை, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4-க்கு இவை முறையே 230, 155. ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுவது அளவுக்கு மீறிய கவனமன்று. திறந்து வைத்த பழைய போத்தலில் மீந்ததை ஊற்றாதீர்கள். கிண்ணத்தின் மூடியிலேயே எந்த வகை என்று எழுதியிருக்கும். டொட் 5 என்பது சிலிக்கன் வகை. அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயரில் அதை ஒத்திருக்கும் டொட் 5.1 சிலிக்கன் அன்று என்பதையும் கவனியுங்கள். காற்று நீக்கும்போது எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். உள்ள காருக்குத் தனிக் கருவி தேவையா என்பதும் கையேட்டில் இருக்கும். அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். ஒயில் பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

பெடல் கல்லைப்போல் கடினமாகி, முழுப் பலத்தோடு மிதித்தால்தான் கார் நிற்கிறது என்றால் பூஸ்டரைச் சோதிக்க வேண்டும். என்ஜினை அணைத்து, பெடலைப் பலமுறை மிதித்து, பின் மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. நுவரெலியாவின் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால் பூஸ்டரின் உதவியும் அங்கே சற்றுக் குறைவாகவே இருக்கும். கொழும்பில் ஓட்டிப் பழகியவர் மேலே வந்ததும் பிரேக் சற்றுக் கடினமாக இருப்பதாகச் சொன்னால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை முடிந்து சக்கரத்தைப் பூட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். டொயோட்டாவின் சிறிய கார்கள் பலவற்றுக்கு அளவு 103 நியூட்டன் மீற்றர். கைப்பிடியின் மேல் ஏறி மிதித்து இறுக்குவது டிஸ்க்கை வளைக்கும். அப்படி வளைந்ததுதான் பின்னர் பெடலில் துடிப்பாகத் தெரிகிறது.

ஏற்றத்தில் வெப்பமானி முள் உயர்கிறது

எப்போது உயர்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நெரிசலில் நிற்கும்போது மட்டும் உயர்ந்து, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் மின்விசிறி, அதன் ரிலே, பியூஸ். மெதுவான ஏற்றத்தில் உயர்ந்து, சமதரையில் சரியாகிவிட்டால் ரேடியேற்றர்: உள்ளே துரு அடைத்திருக்கலாம், வெளியே அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே சேறும் பூச்சியும் அடைத்திருக்கலாம். எந்த வேகத்திலும் உயர்ந்தால் கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தின் மட்டம், சூட்டுக்கேற்ப அதற்கு வழிதிறக்கும் தெர்மோஸ்டாட், வோட்டர் பம்ப், பெல்ட் என்ற வரிசையில் போங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, விலை மிகக் குறைந்த பாகமான ரேடியேற்றர் மூடியைப் பார்க்க வேண்டும். மலையகத்தில் அதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. திறந்த பாத்திரத்தில் உள்ள தண்ணீர் நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பல கார்களின் மின்விசிறி 90 பாகைக்கு மேல்தான் சுழலத் தொடங்குகிறது. அதாவது, மூடியின் அழுத்தம் இல்லாவிட்டால் விசிறி வேலையைத் தொடங்கும் வேளையிலேயே தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு வந்துவிடும். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி இருந்தால் அதே உயரத்தில் தனித் தண்ணீர்கூட 115 பாகை அளவில்தான் கொதிக்கும். கொழும்பில் ஒரு குறையும் காட்டாத கார் பண்டாரவளை ஏற்றத்தில் கொதிப்பதற்கு மூடியின் உள்ளேயிருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு வெடிப்பு போதும். என்ஜின் முழுமையாகக் குளிர்ந்த பிறகு மூடியைக் கழற்றி, அந்த வளையத்தை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். கடினமாகியிருந்தாலோ, ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தாலோ, நடுவிலுள்ள சிறிய வால்வு இழுத்துவிட்டால் திரும்பி வராவிட்டாலோ புதியது வாங்குங்கள். புதியதில் பழையதில் உள்ள அதே அழுத்த அளவு பொறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுச் சூடேற்றிச் சோதிக்கும்படி கையேடு சொல்லும். எந்த வெப்பநிலையில் திறக்கத் தொடங்க வேண்டும், முழுமையாகத் திறக்கும்போது எத்தனை மில்லிமீற்றர் உயர வேண்டும் என்பதும் இருக்கும். சில கார்களுக்கு 80 முதல் 84 பாகைக்குள் திறக்கத் தொடங்கி, 95 பாகையில் 8.5 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ உயர்ந்திருக்க வேண்டும். நுவரெலியாவில் அடுப்பின் மேல் அந்த இரண்டாவது அளவைப் பார்க்க இயலாது; தண்ணீர் 95 பாகையை எட்டாது. உயரம் சற்றுக் குறைவாகத் தெரிந்தால் அதை வைத்துப் பாகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். திறக்கத் தொடங்கும் வெப்பநிலையை மட்டும் அங்கே பாருங்கள். முழு உயரத்தைக் கம்பளையிலோ கண்டியிலோ சோதித்தால் கணக்குச் சரிவரும். வெப்பநிலைமானி இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை.

வீதியோர அருவிக் குழாயில் தண்ணீர் பிடித்து ரேடியேற்றரில் ஊற்றுவது அவசரத்துக்கு மட்டும் சரி. அதையே வழக்கமாக்கினால் உள்ளே துருவும் படிவும் சேரும். கையேடு சொல்லும் கூலண்டை, செறிவாக வாங்கினால் சொல்லும் விகிதத்தில் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்றுங்கள். இங்கே தண்ணீர் உறைந்து என்ஜின் வெடிக்கும் குளிர் இல்லை என்பதால் கூலண்ட் தேவையில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது கொதிநிலையை உயர்த்துவதையும் துருவைத் தடுப்பதையும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

முள் சிவப்பை நெருங்கும்போது ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போட்டு, நிறுத்தக்கூடிய இடம் வரை மெதுவாகப் போங்கள். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேற்றர்தான். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். முகமும் கையும் வெந்துபோகும். குளிர்ந்த பிறகு பார்த்தால் சேமிப்புக் கிண்ணத்தில் குமிழ்கள் தொடர்ந்து வருகின்றன, என்ஜின் ஒயில் மூடியின் உட்புறம் பால்கலந்த நிறத்தில் இருக்கிறது, சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் என்ஜினின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே உள்ள ஹெட் கஸ்கெட் பழுதாகியிருக்கக்கூடும். காரை அதற்கு மேல் ஓட்டாமல் கராஜுக்கு ஏற்றி அனுப்புங்கள். ஒயில் மூடியில் மட்டும் சிறிது பால்நிறப் படிவு, வேறு எந்த அறிகுறியும் இல்லை என்றால் பதறத் தேவையில்லை: குளிர்ந்த ஊரில் குறைந்த தூரமே ஓடும் காரில் ஈரம் ஆவியாகாமல் தங்குவதால் அப்படி ஆகும்.

ஏற்றத்தில் இழுக்கவில்லை

டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு சதவீத வலுவை இழக்கும். நுவரெலியாவில் அது ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். 660 அல்லது 800 சி.சி. கார் நான்கு பேரோடு நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் முதல் கியரைக் கேட்பது பழுதன்று. முன்பு ஏறிய கியரில் இப்போது ஏறவில்லை என்பதே அறிகுறி.

என்ஜின் சத்தம் உயர்ந்தும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச். சமதரையில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். என்ஜின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் நழுவுகிறது. ஒருமுறை மட்டும் செய்யுங்கள். பிளேட் மாற்றும் முன், பெடலின் வெற்றசைவு கையேட்டின் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் வகைக் கிளட்சில் அதைச் சரிசெய்தாலே சில வேளைகளில் குறை தீர்ந்துவிடும்.

சத்தமே உயராவிட்டால் காற்று வடிகட்டி, எரிபொருள் வடிகட்டி, பிளக், இறுகிய பிரேக் என்ற வரிசையில் தேடுங்கள். தோட்டப் பாதையின் செம்மண் தூசு வடிகட்டியைக் கையேடு சொல்லும் காலத்துக்கு முன்பே அடைத்துவிடும். டீசல் வேன் கறுப்புப் புகை கக்கினால் அங்கேயும் முதலில் காற்று வடிகட்டிதான். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் டீசல் பம்பைத் திருகுவதைவிட வடிகட்டியைப் பார்ப்பது மேல். 'செக் என்ஜின்' விளக்கு எரிந்து, ஸ்கேனரில் ஒரு குறியீடு வந்தால், அந்தக் குறியீடு பாகத்தின் பெயர் அன்று என்பதை நினைவில் வையுங்கள். பி 0300 என்றால் சிலிண்டர்களில் ஒழுங்கின்றி எரிவு தவறுகிறது என்று மட்டுமே பொருள். பிளக்கா, கொயிலா, காற்றுக் கசிவா என்பதைக் கையேட்டின் அந்தக் குறியீட்டுப் பக்கம் படிப்படியாகச் சொல்லும்.

இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி உள்ள கார்களை ஏற்றத்தில் அக்சிலரேட்டரால் தாங்கி நிறுத்தாதீர்கள். பிரேக்கை மிதித்து நில்லுங்கள். இல்லாவிட்டால் கிளட்ச் சூடேறி, எச்சரிக்கை காட்டி, கார் நகர மறுக்கும்.

அதிகாலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் பற்றரியும் அதன் முனைகளும். மெதுவாகச் சுழன்று நின்றாலும் அதுவே. வேகமாகச் சுழன்றும் பற்றாவிட்டால் எரிபொருள் அல்லது பிளக்.

இரவு முழுவதும் நின்ற காரில் மல்ட்டிமீற்றரை வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதியளவு. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது. ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இல்லாவிட்டால் ஓல்ட்டர்னேட்டரைப் பாருங்கள். சில புதிய கார்கள் எரிபொருளைச் சேமிக்க இதை வேண்டுமென்றே குறைப்பதுண்டு என்பதால் உங்கள் கையேட்டின் அளவே முடிவு. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படியும் காலைகளில் நல்ல பற்றரியின் வலுவும் குறையும்; தடித்த ஒயில் என்ஜினின் சுழற்சியை மேலும் மந்தமாக்கும். கையேட்டில் ஒயிலின் தடிப்பு எண்ணுக்கும் வெப்பநிலைக்கும் ஒரு வரைபடம் இருக்கும். அதைப் பார்த்து ஊற்றுங்கள், கடையில் மீந்திருப்பதை அல்ல.

வளைவில் சத்தம்

முழுதாகத் திருப்பி மெதுவாக நகரும்போது 'கடக் கடக்' என்றால் முன் அச்சின் வெளி மூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சக்கரத்தின் உட்புறம் தெறித்திருக்கும். சத்தம் வருமுன் உறையை மட்டும் மாற்றினால் மூட்டைக் காப்பாற்றலாம். வேகத்தோடு கூடும் தொடர்ச்சியான உறுமல் இடது வளைவில் கூடி வலது வளைவில் குறைந்தால் வலது சக்கரத்தின் பெயரிங்கை முதலில் பாருங்கள். வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது.

இறக்கத்தில் ஹைபிரிட் காரின் என்ஜின் தானாக உறுமுகிறது

அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்கள் றம்பொடை இறக்கத்தைப் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முன்பு சொன்ன 15 மெகா யூல் என்பது நான்கு யூனிற் மின்சாரத்துக்கு மேல். மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பெரிய பற்றரி முழுவதுமாகவே 1.3 யூனிற்தான், முதல் தலைமுறை அக்குவாவுடையது ஒரு யூனிற்றைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே இறக்கத்தின் ஒரு பகுதியிலேயே பற்றரி நிறைந்துவிடும். அதன் பிறகு ஏற்க இடமில்லாத ஆற்றலைச் செலவிட, கார் எரிபொருள் இன்றி என்ஜினைச் சுழற்றுகிறது. அந்த உறுமல் பழுதன்று. ஆனால் அந்த நிலையில் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி வேகத்தைக் குறைக்கும் மின்பிரேக்கின் உதவி குறைந்து, சாதாரணப் பிரேக்கே பெருமளவு வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதால் நீண்ட இறக்கத்தின் தொடக்கத்திலேயே 'பி' (B) நிலைக்கு மாற்றுங்கள்.

ஏற்றத்தில் பின் சீட்டின் பக்கத்திலிருந்து காற்றாடிச் சத்தம் உரக்க வந்தால் அது பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி. அதன் காற்று உள்வாயிலைப் பையும் துணியும் மறைத்திருக்கிறதா என்று பாருங்கள்; உள்ளே தூசு படிந்திருந்தால் கையேடு காட்டும் முறைப்படி துப்புரவாக்குங்கள். அந்த வாயிலுக்கு அப்பால் உங்கள் கை போகக்கூடாது. செம்மஞ்சள் நிறக் கம்பிகளில், மேலே சொன்ன தலைமுறைப் பிரியஸில் 201.6 வோல்ட், அக்குவாவில் 144 வோல்ட் மின்கலத்தின் மின்சாரம் ஓடுகிறது. மோட்டாருக்குப் போகும்போது அது இன்னும் பல மடங்கு உயர்த்தப்படுகிறது. அவற்றைத் தொட வேண்டிய எந்த வேலையையும், காற்றுப்பையின் மஞ்சள் இணைப்புகளைக் கழற்ற வேண்டிய வேலையையும், கையேடு கையில் இருந்தாலும், அதற்கென்று பயிற்சி பெற்றவரிடமே ஒப்படையுங்கள்.